உங்களுக்குத் தெரியுமா? ஹாலில் ஓடும் வைஃபை, பெட்ரூமில் ஏன் படுத்துக்கொள்கிறது?

“ஹால்ல நல்லா வருது, உள் ரூம்லதான் சுத்திக்கிட்டே இருக்கு.” அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. உடனே பலரும் மாதக் கட்டணத்தைக் கூட்டி, அதிவேக பிளானுக்கு மாறிவிடுகிறார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் வீண்தான். வீட்டு வாசல் வரை ஃபைபரில் வந்து சேரும் வேகம் வேறு, அங்கிருந்து அறை அறையாகக் காற்றில் போய்ச் சேரும் வேகம் வேறு. இரண்டாவது கோளாறை எந்த பிளானும் தீர்க்காது. அதைத் தீர்க்க உங்கள் வீட்டுச் சுவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

● முதல் வேலை, கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்ப்பது. ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். அதே போனை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய் உடனே இன்னொரு முறை போடுங்கள். இரண்டு இடத்திலும் வேகம் குறைவு என்றால் இணைப்பு தந்தவர்களைக் கூப்பிட வேண்டியதுதான். பக்கத்தில் நன்றாக இருந்து உள்ளே போனதும் விழுந்துவிட்டால், கோளாறு வீட்டுக்குள். லேப்டாப்பை லேன் கேபிளால் ரூட்டரில் நேராகச் செருகிச் சோதித்தால் சந்தேகமே மிஞ்சாது.

● போனில் தெரியும் வைஃபை கோடுகளை நம்பி முடிவெடுக்க முடியாது. எத்தனை கோடு காட்டுவது என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. உண்மையான அளவு டிபிஎம் என்ற எண். அது மைனஸில் இருக்கும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் தடங்கலின்றி நடக்கும். மைனஸ் 75-ஐத் தாண்டினால் திக்கும். மைனஸ் 85-ல் நெட்வொர்க் பெயர் மட்டும் தெரியும், வேலை நடக்காது. இந்தக் கணக்கில் 3 டெசிபெல் குறைந்தால் சிக்னல் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. ஆண்ட்ராய்டு போனில் இந்த எண்ணைக் காட்டும் இலவச ஆப்கள் நிறைய உண்டு. மேக் வைத்திருப்பவர்கள் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைத் தொட்டால் போதும். இந்த எண்ணைப் பார்த்தபடியே வீட்டை ஒரு சுற்று நடந்து வாருங்கள். எந்த இடத்தில் சட்டென்று விழுகிறதோ, அங்கேதான் உங்கள் எதிரி இருக்கிறது.

● ரேடியோ அலை சுவரைத் தாண்டும் என்பதை நம் நாட்டில் முதலில் பொதுமக்கள் முன் செய்து காட்டியவர் ஜகதீஷ் சந்திர போஸ். 1890-களின் நடுவில், கல்கத்தா டவுன் ஹாலில், கம்பி ஏதுமின்றி சுவர்களுக்கு அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். அன்று அவர் அனுப்ப வேண்டியிருந்தது ஒரு துடிப்பு மட்டுமே. நாம் அனுப்புவது உயர் தெளிவு வீடியோ. அதற்கு அலை சுவரைத் தாண்டிப் போனால் மட்டும் போதாது, தாண்டிய பிறகும் தெம்பு மிச்சமிருக்க வேண்டும்.

● எல்லாச் சுவரும் ஒன்றல்ல. பழைய ஃபிளாட்டுகளில் அறைகளுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் நாலரை அங்குல செங்கல் சுவர். அது சில டெசிபெல்களோடு விட்டுவிடும். புதிதாக எழும்பும் உயரமான கட்டடங்கள் பலவற்றில் மைவான் முறை வந்துவிட்டது. அலுமினியச் சட்டம் மாட்டி, கம்பி கட்டி, சுவர், கூரை எல்லாவற்றையும் கான்கிரீட்டாகவே ஊற்றிவிடுவார்கள். அங்கே செங்கல்லே கிடையாது. கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் 10 டெசிபெலுக்கு மேல் விழுங்குவது சாதாரணம். அப்படி இரண்டு சுவரைத் தாண்டினால் சிக்னல் நூறில் ஒரு பங்காகிவிடும். “பழைய வாடகை வீட்டில் இதே ரூட்டர் நன்றாக ஓடியதே, சொந்த வீட்டுக்கு வந்ததும் என்ன ஆச்சு?” என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இந்தக் கான்கிரீட்டில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சேர்த்துப் பாருங்கள். சுவரை அலை எந்தக் கோணத்தில் தொடுகிறது என்பது முக்கியம். நேராக நுழைந்தால் நாலரை அங்குலம் கடந்தால் போதும். நேர்க்கோட்டிலிருந்து 60 டிகிரி சாய்ந்து நுழைந்தால் அதே சுவருக்குள் ஒன்பது அங்குலம் போக வேண்டும். வீட்டு பிளானை ஒரு தாளில் வரைந்து, ரூட்டர் இருக்கும் புள்ளியிலிருந்து நீங்கள் வேலை பார்க்கும் மேசை வரை ஸ்கேல் வைத்துக் கோடு போடுங்கள். எத்தனை சுவர், எவ்வளவு சாய்வு என்று தெரிந்துவிடும். ரூட்டரை ஒரு மீட்டர் நகர்த்தினால் அந்தக் கோடு சுவரை விட்டு வாசற்படி வழியாகப் போகுமா? அப்படியானால் பைசா செலவில்லாமல் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

● இரண்டு பெட்ரூமுக்கு நடுவே இருக்கும் பாத்ரூம்தான் வீட்டிலேயே மோசமான தடை. டைல்ஸ், சுவருக்குள் ஓடும் பைப்புகள், கெய்சர், கண்ணாடி எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன. முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பக்கம் பூசியிருப்பது உலோகம். அது அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீரோ அலையை உறிஞ்சிக்கொள்ளும். மீன் தொட்டிக்குப் பின்னால் ரூட்டரை வைப்பதும் அதனால்தான் கூடாது.

● இரும்பு பீரோ! சுவரை ஒட்டி நிற்கும் ஆறரை அடி உயரத் தகடு. அதற்கு நேர் பின்னால் ரூட்டர் இருந்தால் அந்தத் திசையில் ஒன்றும் போகாது. ஃபிரிட்ஜும் அப்படியே.

● பால்கனியில் உட்கார்ந்தால் மட்டும் சிக்னல் போய்விடுகிறதா? கொசுவலைக் கதவைப் பாருங்கள். நைலான் வலை என்றால் பாதகமில்லை. எஸ்.எஸ். கம்பி வலை என்றால் அதுதான் காரணமாக இருக்கலாம். வைஃபை அலையின் நீளம் 6 முதல் 12 சென்டிமீட்டர். அதைவிட மிகச் சிறிய துளைகள் உள்ள உலோக வலையை அந்த அலை எளிதில் கடக்காது. மைக்ரோவேவ் அவன் கதவிலும் இதே காரணத்துக்காகத்தான் துளைத் தகடு வைத்திருக்கிறார்கள். உள்ளே வேகும் சோறு நம் கண்ணுக்குத் தெரியும், வேகவைக்கும் அலை வெளியே வராது.

● ரூட்டர் ஆன்டெனாவின் நுனி நோக்கும் திசையில்தான் சிக்னல் மிகக் குறைவு! குச்சி ஆன்டெனாவிலிருந்து அலை பரவும் வடிவம், குச்சியில் கோத்த மெதுவடை போன்றது. பக்கவாட்டில் எல்லாத் திசையிலும் பரவும், நுனியின் நேரே ஒன்றுமிருக்காது. ஒரே தளத்தில் உள்ள ஃபிளாட்டுக்கு ஆன்டெனாவை நிமிர்த்தி வையுங்கள். மாடியும் கீழுமாக இருக்கும் டூப்ளெக்ஸ் வீடு என்றால் ஒன்றை நிமிர்த்தி, இன்னொன்றைப் படுக்க வையுங்கள்.

● ரூட்டர் எங்கே இருக்க வேண்டும் என்பதை நம் வீடுகளில் முடிவு செய்வது ஃபைபர் இழுக்க வந்தவரின் டிரில் மெஷின்தான். எந்த ஜன்னல் ஓரம் கேபிள் சுலபமாக வருகிறதோ அங்கே ஓட்டை போட்டு, கீழே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். பிறகு அது டி.வி. ஸ்டாண்டுக்குள்ளோ செருப்பு அலமாரி மேலோ வருஷக்கணக்கில் கிடக்கும். இணைப்பு கொடுக்க வரும் அன்றே வீட்டின் நடுப்பகுதியில், தோள் உயரத்துக்கு மேல் ஒரு இடத்தைக் காட்டி, அங்கே வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பிறகு நகர்த்துவதானால், ஃபைபரை நீங்களே இழுக்காதீர்கள். உள்ளே இருக்கும் கண்ணாடி இழையின் குறுக்களவு 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி ஓடும் நடுப்பகுதி அதற்குள் சுமார் 9 மைக்ரான்தான். சுவர் மூலையில் மடக்கி ஆணி அடித்தால் ஒளி கசிந்துவிடும், பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். பெட்டி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அங்கிருந்து லேன் கேபிள் இழுத்து, வேண்டிய இடத்தில் இன்னொரு ரூட்டர் வைப்பதே பத்திரம்.

● 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை இருப்பது பலருக்கும் தெரியும். வைஃபை பெயருக்குப் பின்னால் ‘5ஜி’ என்று வருவது இந்த 5 கிகாஹெர்ட்ஸைத்தான் குறிக்கிறது. மொபைல் 5ஜி-க்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரே தூரத்தில், சுவரே இல்லாவிட்டாலும்கூட, 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மற்றதில் ஏறக்குறைய கால் பங்காகவே வந்து சேரும். ஆனால் அங்கே இடம் தாராளம். இந்தியாவில் 2005-ல் உரிமமின்றித் திறந்துவிடப்பட்ட 2.4 பகுதியின் அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸில் திறந்துவிட்டது 605 மெகாஹெர்ட்ஸ். அதே அறையில் வேலை என்றால் 5, இரண்டு சுவர் தாண்டி என்றால் 2.4. இதை நினைவில் வைத்தால் போதும்.

● உங்கள் ஃபிளாட்டில் நின்று பார்த்தால் எத்தனை வீட்டு வைஃபை பெயர் தெரிகிறது? அத்தனையும் ஒரே காற்றைப் பங்கு போடுகின்றன. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். 2.4-ல் இந்தியாவில் 13 சேனல்கள் இருந்தாலும் அடுத்தடுத்த சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. மோதாமல் நிற்பவை 1, 6, 11 மூன்றுதான். யாரும் இல்லையே என்று 3-ஆம் சேனலில் வைத்தால், 1-ல் இருப்பவரோடும் 6-ல் இருப்பவரோடும் சேர்த்து மோதிக்கொள்வீர்கள். ரூட்டர் செட்டிங்கில் சேனல் அகலம் 40 என்றிருந்தால் 20 ஆக்குங்கள். நெரிசலான குடியிருப்பில் 2.4-ல் 40 வைப்பது உங்களுக்கும் கெடுதல், பக்கத்து வீட்டுக்கும் கெடுதல்.

● சாம்பார் சுடவைக்கும்போது மட்டும் வீடியோ நிற்கிறதா? மைக்ரோவேவ் அவன் வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில். வெளியே கசியும் துளியளவு அலை உடம்புக்குத் தீங்கில்லாதது. ஆனால் ரூட்டரின் மெல்லிய சிக்னலை மறைக்க அது போதும். 5-க்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லை.

● லேப்டாப்பில் யு.எஸ்.பி 3.0 ஹார்டு டிஸ்க் மாட்டியதும் வைஃபை தளர்வதும் உண்மைதான். அந்த இணைப்பிலிருந்து 2.4 பகுதியில் இரைச்சல் வருகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் அறிக்கை வெளியிட்டது.

● 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் திடீரென்று காணாமல் போய், சில நிமிடத்தில் திரும்பி வருகிறதா? அந்தப் பகுதியில் 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் துடிப்பு காதில் விழுந்தால் ரூட்டர் சேனலைக் காலி செய்துவிடும். புதிதாக அத்தகைய சேனலுக்குப் போகும் முன் குறைந்தது ஒரு நிமிடம் மௌனமாக இருந்து கேட்கவும் வேண்டும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் 36 முதல் 48-க்குள் ஒன்றை நிலையாக வைத்துக்கொள்ளலாம்.

● வீட்டுக்குள் வைஃபை இவ்வளவு வேகமாக ஓடுவதற்குக் கருந்துளைகளுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும்! ஜான் ஓ’சல்லிவன் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளர் 1970-களில், வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளிலிருந்து ரேடியோத் துடிப்பு வருகிறதா என்று நெதர்லாந்தில் தேடினார். கிடைக்கவில்லை. ஆனால் வழியில் கலங்கிப்போன சிக்னலைத் தெளியவைக்கும் கணித வித்தை கைக்கு வந்தது. 1990-களின் தொடக்கத்தில், ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தில் அவரும் கூட்டாளிகளும் வேறொரு சிக்கலோடு மல்லுக்கட்டினார்கள். அறைக்குள் அனுப்பும் அலை சுவரிலும் மேசையிலும் பட்டுத் தெறித்து, ஒரே செய்தி வெவ்வேறு நேரத்தில் பலமுறை வந்து குழம்புகிறது. அந்தக் குழப்பத்தைப் பிரிக்கும் வழியில் பழைய வித்தை கைகொடுத்தது. 1996-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதன்மூலம் அந்த நிறுவனத்துக்கு 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வருமானம் வந்தது. அடிப்படை அறிவியலுக்குச் செலவிடும் பணம் எங்கே போய்ப் பலன் தரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

● ‘ஹை பவர்’ என்று அட்டையில் போட்டிருக்கும் ரூட்டரை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடாது. வைஃபை ஒருவழிப் பேச்சு அல்ல. ரூட்டர் உரக்கச் சொன்னாலும், உங்கள் போனின் சின்ன ஆன்டெனா திருப்பிச் சொல்வது ரூட்டருக்குக் கேட்க வேண்டும். போனில் கோடுகள் நிறையத் தெரிந்தும் பக்கம் திறக்காமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

● கடைசி அறையில் திணறும் ஒரு பழைய டேப்லெட், ஹாலில் இருப்பவரின் வேகத்தையும் குறைக்கும். சிக்னல் மெலிந்தால் அதே அளவு தகவலை அனுப்ப அதிக நேரம் பிடிக்கும். அத்தனை நேரமும் மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

● ரிப்பீட்டர் வாங்குபவர்களில் நிறையப் பேர் அதைச் சிக்னல் வராத அறையிலேயே மாட்டுகிறார்கள். அங்கே வராத சிக்னலை அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? நன்றாக வரும் இடத்துக்கும் வராத இடத்துக்கும் நடுவே, மைனஸ் 60-லிருந்து 65-க்குள் காட்டும் பிளக் பாயின்ட்டில் மாட்ட வேண்டும். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுக்கும் ரிப்பீட்டர், வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கிவிடும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் அது கடைசி வழி.

● அதைவிட நல்ல வழி உங்கள் லாஃப்டில் இருக்கலாம். முந்தைய இணைப்பு போட்டபோது வாங்கிய பழைய ரூட்டர்! ஹாலில் உள்ள ரூட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை உள் அறை வரை கொண்டுபோங்கள். கதவு இடுக்கில் நுழையும் தட்டைக் கேபிளும் கடையில் கிடைக்கும். பழைய ரூட்டரின் செட்டிங்கில் செய்ய வேண்டியவை இவை: டி.எச்.சி.பி.யை நிறுத்துங்கள், அதன் ஐ.பி. முகவரியைப் புதியதோடு மோதாதபடி மாற்றுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும். கேபிளை வேன் துளையில் செருகாமல் லேன் துளையில் செருகுங்கள். ‘ஆக்சஸ் பாயின்ட் மோடு’ என்றே ஒரு பொத்தான் இருந்தால் இதை எல்லாம் அதுவே செய்துகொள்ளும், அப்போது துளையும் அது சொல்கிறபடிதான்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை தன் அறையில் வகுப்பு வராமல், டி.வி. ஓடும் ஹால் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. பத்து மீட்டர் கேபிளும் சும்மா கிடக்கும் ஒரு பெட்டியும் போதும், அந்தப் பிள்ளைக்குத் தனியிடம் கிடைத்துவிடும்.

● இரண்டு ரூட்டர் வைத்த பிறகும் போன் தூரத்து ரூட்டரையே பிடித்துத் தொங்குகிறதா? எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது போன்தான். இரண்டு ரூட்டரின் சக்தியையும் செட்டிங்கில் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். தூரத்துச் சிக்னல் சீக்கிரம் மெலிந்தால் போன் சீக்கிரம் தாவும்.

● பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் செட் வாங்கினாலும் பெட்டிகளை முடிந்தவரை கேபிளால் இணையுங்கள். கேபிள் இல்லாவிட்டால் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் அதே கான்கிரீட் சுவர் வழியாகத்தான்.

● மின் வயர் வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டரும் உண்டு. த்ரீ பேஸ் இணைப்புள்ள வீட்டில் ஹால் பிளக் ஒரு பேஸிலும் பெட்ரூம் பிளக் வேறு பேஸிலும் இருந்தால் அது தள்ளாடும். வாங்கும் முன் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

● 200 எம்பிபிஎஸ் பிளான், கேபிளில் போட்டும் 95-ஐத் தாண்டவில்லையா? லேன் கேபிளுக்குள் எட்டு இழை, நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்-க்கு இரண்டு ஜோடி போதும், அதற்கு மேல் ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மீதி இரண்டு ஜோடியில் ஒரே ஒரு இழை அறுந்தாலும் இணைப்பு அறுபடாமல் சத்தமின்றி 100-க்கு இறங்கிவிடும். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். புதிதாக வாங்கும்போது செம்பு பூசிய அலுமினியக் கம்பியைத் தவிர்த்து, முழுச் செம்பில் கேட்-6 கேளுங்கள்.

● கான்கிரீட் வீட்டுக்குள் மொபைல் சிக்னலே நுழையாத நிலையில், வைஃபை வழியாகவே சாதாரண போன் கால் பேசலாம். இந்தியாவில் 2019 டிசம்பரிலிருந்து இந்த வசதி வரத் தொடங்கியது. போன் செட்டிங்கில் ‘வைஃபை காலிங்’ என்பதை ஆன் செய்தால் போதும். உள் அறையில் படுத்திருக்கும் வயதான பெற்றோரின் போனில் இதை இன்றே செய்துவிடுங்கள்.

● புது ஃபிளாட் புக் செய்திருக்கிறீர்களா? டைல்ஸ் நிறத்தைப் பற்றிக் கேட்கும் முன், ஹால் டி.வி. பாயின்ட்டிலிருந்து ஒவ்வொரு பெட்ரூமுக்கும் லேன் கேபிளுக்கென்று தனிப் பைப் போகிறதா என்று கேளுங்கள். மின் வயர் போகும் பைப்பிலேயே அதையும் திணிக்கக் கூடாது. செங்கல் சுவர் என்றால் பூச்சுக்கு முன்பு வரை காடி வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். மைவான் கட்டடத்தில் கான்கிரீட் ஊற்றும் முன்பே பைப் உள்ளே இருந்தாக வேண்டும், பிறகு சுவரை வெட்ட விடமாட்டார்கள். அதனால் எந்த அறையில், எந்த உயரத்தில் அந்தப் பைப் வந்து முடிகிறது என்பதை மின் வரைபடத்திலேயே குறித்து, சைட் இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.